ரோட்டைப் பார்த்து நின்ற குதிரை

“மயிலுக்குத் தோகையை விரிச்சு விட்டா என்னக்கா? பாக்க அழகா இருக்கும்ல?” என்று கேட்டது நான்தான். பலகை மேல் விராலிமலையைப் பொம்மையாகச் செய்து முடித்துவிட்டு, பாறை மேல் நகத்தளவு மயில் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார் அந்த அக்கா. உதட்டில் கவ்வியிருந்த ஊசியை எடுத்து ஜாக்கெட்டில் குத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் போன அன்னைக்கு அது விரிக்கலையே புள்ள.”

“இன்னொரு நாளைக்கு விரிச்சிருக்கும்ல?”

“அன்னைக்கு நான் போகலையே.”

அந்த மயில் கடைசி வரை துடைப்பத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரியே நின்றது.

எங்களுக்கு அவர் வீட்டுக்கார அக்கா. என் கணவருக்கு இலுப்பூருக்கு மாற்றல் வந்தபோது அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பார். கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப் தொங்கும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதுகூடத் தாலிக்கொடியோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிடும். நான்தான் வாசலில் நிறுத்திக் கழற்றி வைப்பேன்.

முன்னறையைத் தாண்டினால் ஹால். அதில் பாதியை ஒரு ஊர் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பெஞ்சு, மேலே பிளைவுட், அதன் மேல் இலுப்பூரிலிருந்து விராலிமலை வரைக்கும் உள்ள பாறை, பனை, கருவேலங்காடு, கண்மாய், கடலைக்கொல்லை, டீக்கடை. எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஒரு குட்டி ரயில் ஓடும். சிங்கப்பூரில் இருக்கும் அக்காவின் தம்பி, என்றைக்கோ அக்கா மகனுக்கு வாங்கி வந்த ரயில். மகன் வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பரணில் தூங்கிய ரயிலை அக்கா எழுப்பிவிட்டார்.

ஆனால் இலுப்பூருக்கு ஏது ரயில்? ரயில் ஏற வேண்டுமென்றால் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். “இல்லாததை வைக்க மாட்டேங்கிறீங்க, அப்ப இந்த ரயிலு மட்டும்?” என்று ஒருநாள் மடக்கினேன். மடக்கியதாக நினைத்துக்கொண்டேன்.

“ரயிலு பெட்டியில வந்துச்சு. அதுக்கு நான் பொறுப்பில்ல. ஊருக்குத்தான் பொறுப்பு.”

அதுதான் அக்கா. தன் கண்ணால் பார்க்காத ஒரு கல்லைக்கூட அந்தப் பலகை மேல் வைக்க மாட்டார். ரயிலோடு கூம்பு கூம்பாகச் சில மரங்கள் வந்திருந்தன, நுனியில் பனி வேறு. “இது எந்த ஊரு மரம்? காயும் காய்க்காது, ஆடும் கடிக்காது” என்று தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அதே பெட்டியில் வந்த கறுப்பு வெள்ளை மாடுகளை வைத்துக்கொண்டார், ஆனால் அத்தனைக்கும் செவலை நிறம் அடித்து, பசையால் கொம்பை நீட்டிவிட்ட பிறகுதான் மேயவிட்டார்.

காய்ந்த தரைக்கு டீத்தூள். டீக்கடையில் கொதித்துச் சக்கையான தூளை வாங்கி வந்து எங்கள் மாடியில்தான் காயப்போடுவார். காற்று அடித்தால் என் வெள்ளைத் துணி எல்லாம் டீ குடித்துவிடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், படியிறங்கிப் போய்க் கத்துவேன். அவர் என் புடவையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இந்தக் கலருதான் புள்ள வேணும்! எத்தனை நேரம் காஞ்சுச்சு?” என்பார். அந்த ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

கருவேலங்காடு என்பது பாத்திரம் தேய்க்கிற பச்சை நார். அதைப் பிய்த்து ஒட்டிய பிறகு மாவுச் சல்லடையில் செம்மண்ணைச் சலித்து மேலே தூவினார். பச்சையாகவே விட்டால் என்ன என்றேன். “லாரி போற ரோட்டோரத்துக் கருவேலம் என்னைக்குப் பச்சையா இருந்துச்சு?” என்றார். அந்த மண்ணும் எங்கேயோ அள்ளிய மண் இல்லை. விராலிமலை ரோட்டுப் பக்கமிருந்து தைக்க வருகிறவர்கள் துணியோடு ஒரு கவரில் தங்கள் கொல்லை மண்ணும் கொண்டுவர வேண்டும். “மண்ணு இருக்கா? அப்ப நாளைக்கே தச்சுத் தாரேன்” என்பார். மறந்துவிட்டு வந்தவர்களுக்கு ஜாக்கெட் கைக்கு வர ஆடி போய் ஆவணி வந்துவிடும்.

சென்னையிலிருந்து அவருடைய நாத்தனார் வந்தபோது வாய் சும்மா இருக்காமல், “எல்லாம் காஞ்சு கெடக்கே, நாலு வயலு பச்சையா வச்சா என்னவாம்?” என்றுவிட்டார்.

“இது சித்திரை மாசம் அண்ணி” என்றார் அக்கா.

“பொம்மைக்கு ஏதுடி சித்திரை?”

அன்று நாத்தனாருக்கு வந்த காபியில் சர்க்கரையே இல்லை.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால், “பொழுது போகணும்ல” என்பார். பச்சைப் பொய். ஹால் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்காகத்தான் அத்தனையும்.

அண்ணன், அதாவது அக்காவின் கணவர், பஸ் டிரைவர். சர்வீஸ் பூராவும் இலுப்பூர்–விராலிமலை ரோடுதான். ரிடையர் ஆன பிறகு வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, திருச்சியில் ஆபரேஷன் ஆகி, கம்பி வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். வெளியே நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பினார். அண்ணன் நாற்காலியிலிருந்து பாத்ரூம் வரை போவார், திரும்புவார். வாசல் கேட்டைத் தாண்ட மாட்டார்.

“பஸ் ஸ்டாண்டுல நான் எறங்கினா டீக்கடையே எந்திரிச்சு நிக்கும். நாலு கால் கம்பியப் புடிச்சுக்கிட்டு அங்கிட்டு நான் போறதா? எவன் சிரிக்கிறதுக்கு?” என்பார். மகன் போனில் கெஞ்சினான். நான்கூட ஒருநாள் கொஞ்சம் அதட்டிப் பார்த்தேன். ம்ஹூம்.

கால்பயிற்சி கொடுக்க வந்த பையன் ஒருநாள் என் முன்னாலேயே சொல்லிவிட்டான்: “இப்படியே உக்காந்திருந்தா கால் இறுகிரும்மா. இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா வீல் சேர்தான், அப்புறம் என்னையக் கேக்காதீங்க.” அன்று சாயங்காலம்தான் அக்கா என் கணவரைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து ரயில் பெட்டியை இறக்கச் சொன்னார். நாற்காலிக்கு எதிரிலேயே பெஞ்சைப் போட்டார்.

முதலில் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நான் ஸ்டியரிங் புடிச்ச ரோட்டுல ரயிலு விடுறியா நீ?”

“பஸ்ஸ வேணும்னா நீங்க ஓட்டிக்கங்க. நானா வேணாங்கிறேன்?”

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “ஏய், ஏய், அந்த வளைவுல புளியமரம் இங்கிட்டு இல்ல, அங்கிட்டு!” அக்கா உடனே மாற்ற மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், பார்த்துவிட்டு வந்துதான் மாற்றுவார். துணைக்கு என்னை இழுத்துக்கொள்வார். நடு ரோட்டில் கண்டக்டரிடம் விசில் அடிக்கச் சொல்லி இறங்கி, கழுத்து டேப்பைக் கழற்றிப் புளியமரத்தைச் சுற்றி அளப்பார். எதிர் டீக்கடைக்காரர், “என்னக்கா, மரத்துக்கு ஜாக்கெட்டா?” என்று கேட்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா அசரவில்லை. “ஆமா, கை வச்சா கை வைக்காமலான்னு யோசிக்கிறேன்” என்றார்.

ஒவ்வொரு தடவையும் அண்ணன் சொன்னதுதான் சரியாக இருக்கும். டிரைவர் சீட்டில் இருந்து பார்த்த ஒரு மைல்கல்கூட அவருக்கு மறக்கவில்லை. அக்கா வந்து, “நீங்க சொன்னதுதாங்க சரி” என்றால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கே அந்த முகத்துக்காகத்தான் அத்தனை வெயிலில் போகலாம் என்று தோன்றும்.

பலகையில் கண்மாய் மட்டும் வெடித்த களிமண்ணாகவே கிடந்தது. நிஜக் கண்மாயில் தண்ணீர் இல்லையே. ஐப்பசியில் மழை பிடித்து வெளுத்தது. ஒரு சாயங்காலம் அக்கா தொப்பலாக நனைந்து உள்ளே ஓடி வந்தார். “என்னங்க, கண்மாய்க்குத் தண்ணி வந்துருச்சு!” ஈரப் புடவையைக்கூட மாற்றவில்லை. கண்ணாடி மாதிரி காயும் பசையை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போய்விட்டார்.

“கலிங்குல வழியுதா?” என்று அண்ணன் பரபரத்தார். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்தோடுகிற இடம் அது.

“இன்னும் ஒரு சாண் ஏறணுங்க.”

“தண்ணி என்ன கலருடி?”

“நம்ம வீட்டு டீ கலரு.”

அவ்வளவுதான், அடுப்படிக்கு ஓடி டிகாஷனைக் கொண்டுவந்து பசையில் கலந்து ஊற்றினார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கண்மாய் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி, “பாக்கணும் போல இருக்கு” என்றார், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல.

அக்கா பசைக் கிண்ணத்தை அப்படியே வைத்தார். “வாங்க போவோம். ஆட்டோ சொல்றேன்.”

“வேணாம். நீ ஊத்து.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. நாலு எட்டு நடந்தால் கேட், ஆட்டோ ஏறினால் கண்மாய், இந்த மனுசன் இங்கே உட்கார்ந்து பசையைப் பார்க்கிறார். மாடிக்குப் போய் என் கணவரிடம் கத்தினேன், அவர் என்ன செய்வார் பாவம்.

அடுத்த ஞாயிறு, அந்தக் கண்மாய்க்கரை ஐயனார் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனார் அக்கா. விராலிமலை ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மணல் பாதையில் நடக்க வேண்டும். பாதை நெடுகப் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் நேர்ந்து வைத்த மண்குதிரைகள், எல்லாம் ரோட்டைப் பார்த்து நிற்கும். எல்லாவற்றுக்கும் பின்னால், தனியாக ஒரே ஒரு பழைய குதிரை மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கண்மாயைப் பார்த்து நின்றது. நான் நன்றாகப் பார்த்தேன். அக்கா அதன் காதிலிருந்து குளம்பு வரை டேப் வைத்து அளந்தார்.

வீட்டுக்கு வந்து களிமண்ணில் குதிரைகளைப் பிடித்து, காயவைத்து, வண்ணம் அடித்து, ஒவ்வொன்றாக ஒட்டினார். கடைசியாக அந்த ஒற்றைக் குதிரை. அதையும் ரோட்டைப் பார்த்து ஒட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். நிஜமாகவே, கட்டைவிரல் நசுங்குகிற மாதிரி.

“இந்தா, ஒத்தைக் குதிரை கண்மாயப் பாத்துல நிக்கணும்?” என்றார் அண்ணன்.

“இல்லீங்க. ரோட்டத்தான் பாக்குது. இப்பத்தானே பாத்துட்டு வாரோம்.”

“யாருக்கிட்ட கதை விடுற? தெனமும் ஹாரன் அடிச்சுக் கும்பிட்டுப் போன எடம்டி அது! ஏம்மா, நீயும்தானே போன? நீ சொல்லு.”

“நான் சாமியத்தாண்ணே பாத்தேன்” என்றேன்.

அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் அக்கா விரலை நீட்டினார். “வாயத் தொறந்த, மாடிக்கு மோட்டர் போட மாட்டேன் பாத்துக்க.”

“ஏங்க்கா இப்படி? மயிலுக்குத் தோகைய விரிக்க மாட்டேன்னீங்க!”

“அதான் புள்ள. இதுவரைக்கும் ஒரு கல்லக்கூடப் பொய்யா வச்சதில்ல. அதனாலதான் இப்ப ஒண்ண வச்சா அவருக்கு ரோசம் ஏறும். நான் கூப்புட்டு வரல, மகன் கூப்புட்டு வரல. குதிரை கூப்புட்டுப் பாக்கட்டும்.” சொல்லும்போதே குரல் உடைந்தது.

பொய் வைப்பது அவருக்குப் பழக்கமில்லை, பாவம். அந்தக் குதிரை தன் கண்ணில் படாமல் இருக்க முன்னால் ஒரு நூல்கண்டை வைத்து மறைத்துக்கொண்டார். அண்ணன் வாக்கரைப் பிடித்து எழுந்து வந்து நூல்கண்டை நகர்த்துவார், குதிரையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார், திரும்பப் போய் உட்காருவார். அக்கா மறுபடி நூல்கண்டை வைப்பார். எனக்கோ, மாடியில் துணி துவைத்தாலும் சோறு வடித்தாலும் ‘கண்மாய், கண்மாய்’ என்று நாக்கு துடித்தது. நான் ரகசியம் காக்கிற சாதி இல்லை. அந்த நாட்களில் கீழே இறங்குவதையே குறைத்துக்கொண்டேன்.

அண்ணன் சாட்சி தேடினார். பழைய கண்டக்டருக்குப் போன் போட்டார். “நான் டிக்கெட்டப் பாப்பேனா, குதிரையப் பாப்பேனா?” என்று அவர் வைத்துவிட்டார். பிறகு விராலிமலையில் இருக்கிற சொந்தக்காரப் பையன் ஒருவனைக் கோயிலுக்கு விரட்டினார். அவன் போய் ஒற்றைக் குதிரைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். போட்டோவில் அவன் பல்லும் சட்டையும் குதிரையும் மட்டும்தான், ரோடும் இல்லை, கண்மாயும் இல்லை.

“இப்ப என்ன சொல்ற? தலை எந்தப் பக்கம் இருக்கு பாத்தியா?” என்று போனை நீட்டினார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “இவன் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கு, பாருங்க.”

“அவனுக்கு வலது பக்கம்.”

“எந்த டெய்லராவது ஆம்பளைச் சட்டைக்கு வலது பக்கம் பை வைப்பானா? செல்ஃபில எல்லாம் எடம் மாறித்தாங்க விழும். பையி மாறினா குதிரையும் மாறும்ல?”

அண்ணன் போனை அப்படியும் இப்படியும் திருப்பினார், கவிழ்த்துக்கூடப் பார்த்தார். அப்புறம் அதை மடியில் போட்டுவிட்டு, கைப்பிடியை ஓங்கி ஒரு அடி அடித்தார். “ஆட்டோவ வரச் சொல்லு. நானே போய்ப் பாத்துட்டு வாரேன்!”

அக்கா உள்ளே ஓடினார். சட்டை எடுக்கப் போனதாகச் சொன்னார், ஆனால் நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன், பீரோவில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

கேட்டில் அண்ணன் ஒரு நிமிஷம் தயங்கினார். எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, “வாங்கண்ணே, எங்க கிளம்பிட்டீங்க?” என்று சாதாரணமாகக் கேட்டாள். “ஒரு குதிரை விசயமா” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். பின்னாலேயே அக்காவும் நானும் ஏறிக்கொண்டோம்.

மணல் பாதையில் ஆட்டோ போகாது. வாக்கரின் கால்கள் மணலில் புதைந்தன. தூக்கி வைப்பார், நிற்பார், மூச்சு வாங்குவார். அக்கா கை நீட்டினால், “தள்ளு, தள்ளு, சாட்சியக் கலைக்காத” என்றார். அப்போது ரோட்டில் ஒரு பஸ் வந்தது, வழக்கம்போல ஐயனாருக்கு ஹாரன் அடித்தது. அப்புறம் நின்றுவிட்டது. டிரைவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, “அண்ணே! நம்ம அண்ணனா? நடந்துட்டீங்களாண்ணே!” என்று கத்தினார். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் கும்பிட்டார்கள், அது ஐயனாருக்கா அண்ணனுக்கா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்து, ‘ரைட், போ’ என்று காட்டினார். அதற்குப் பிறகு அவர் நடை வேறு மாதிரி இருந்தது.

ஒற்றைக் குதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அது நிம்மதியாகக் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பாத்தியா! பாத்தியாடி! கண்மாய்! கண்மாயத்தான் பாக்குது!” ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். கரையில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டன. நானும் சேர்ந்து, “ஆமாண்ணே, கண்மாய்தான்! கண்மாய்தான்!” என்று கத்தினேன். அத்தனை நாள் தொண்டையில் கிடந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

“ஆமாங்க. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்” என்றார் அக்கா. கண்ணைத் துடைக்கப் புடவைத் தலைப்பைத் தேடி, டேப்பால் துடைத்துக்கொண்டார்.

கண்மாய் தளும்பிக் கிடந்தது. கலிங்கில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. அண்ணன் குதிரையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு திரும்பி, தான் வந்த பாதையைப் பார்த்தார். அக்கா கழுத்தில் கிடந்த டேப்பையும் பார்த்தார்.

“காதுலேருந்து கொளம்பு வரைக்கும் அளந்தவளுக்கு, மூஞ்சி எங்கிட்டு இருக்குன்னு தெரியாமப் போச்சாக்கும்?” என்றார்.

அக்கா டேப்பைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார். நான் அவசரமாகச் சாமி கும்பிடப் போய்விட்டேன். ஆட்டோவில் திரும்பும்போது அண்ணன் பாட்டுக்கு அவ்வப்போது தனியாகச் சிரித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேரே பலகைக்குப் போனார். பொய் ஒன்று அங்கே நிற்பது அவருக்கு அவ்வளவு அரித்திருக்க வேண்டும். நூல்கண்டை நகர்த்தி, ஒற்றைக் குதிரையைக் கண்மாய்ப் பக்கம் திருப்ப அதன் வயிற்றில் கை வைத்தார்.

“அதைத் தொடாத” என்றார் அண்ணன்.

“தப்பா நிக்குதேங்க.”

“நிக்கட்டும். அது ரோட்டப் பாத்தே நிக்கட்டும். அதுதான் என்னைய ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு.”

அக்கா கையை எடுத்தார். நூல்கண்டை எடுத்துக்கொண்டு போய்த் தையல் மெஷினில் மாட்டினார்.